வெல்டிங் சிலிண்டரை வண்டியில் ஏற்றி வருபவர்களுக்கு

பட்டறையில் டார்ச் பற்றவைக்கும்போது நாம் எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறோம். கண்ணாடி போடுகிறோம், ஹோஸ் எங்கே கிடக்கிறது என்று பார்க்கிறோம், பக்கத்தில் தின்னர் டப்பா இருந்தால் நகர்த்தி வைக்கிறோம். ஆனால் அதே சிலிண்டரைக் குட்டி யானையிலோ லோடு ஆட்டோவிலோ ஏற்றியதும், சிமென்ட் மூட்டை மாதிரி அதுவும் வெறும் லோடு ஆகிவிடுகிறது. ஒரு கயிறு, ஒரு முடிச்சு, "போலாம் ரைட்". எனக்கு இதில் ஒரு அனுபவம் உண்டு, அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

துவாக்குடியிலிருந்து தஞ்சாவூர் ரோட்டில் ஒரு சைட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். போன இடத்தில் பத்து நிமிஷ கட்டிங் வேலைதான், அதனால் ஆக்ஸிஜன் சிலிண்டரில் ரெகுலேட்டரை (வால்வில் மாட்டி அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் கருவி) கழற்றாமல் அப்படியே ஏற்றினோம். தேங்காய் நார்க் கயிறு ஒன்று, நடுவில் ஒரே கட்டு. செங்கிப்பட்டி தாண்டி ஒரு வேகத்தடை வந்தது, டிரைவர் கவனிக்கவில்லை. சிலிண்டர் சாய்ந்து, ரெகுலேட்டரின் கேஜ் பக்கவாட்டுப் பலகையில் மாட்டி, தண்டு வளைந்து 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம். வால்வையும் சரியாக மூடாமல்தான் ஏற்றியிருக்கிறோம். வால்வைத் திறந்து மூடும் சிலிண்டர் கீ எங்கே? டூல்ஸ் பெட்டிக்குள். டூல்ஸ் பெட்டி எங்கே? ஆங்கிள் கட்டுக்கு அடியில். அந்த நாலைந்து நிமிஷம் ரோட்டோரம் நின்றுகொண்டு பெட்டியை இழுத்த அந்தப் பதற்றம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. யாருக்கும் அடிபடவில்லை. வளைந்த ரெகுலேட்டரைப் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறேன், புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதலில் காட்டுவது அதைத்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 7 கன மீட்டர் வாயு அடைக்கும் ஆக்ஸிஜன் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 60 கிலோ கனம். நெஞ்சு உயரம், ஆனால் அடிப்பாகம் ஒரு சாண் அகலம்தான். உள்ளே சுமார் 150 பார் அழுத்தம். கார் டயரில் இருப்பது இரண்டேகால் பார் என்றால் அதைப்போல அறுபது, எழுபது மடங்கு. இரும்பு உருளை கெட்டியானது, சும்மா தட்டினால் ஒன்றும் ஆகாது. பலவீனமான இடம் ஒன்றே ஒன்று, தலையில் திருகியிருக்கும் அந்தப் பித்தளை வால்வு. சிலிண்டர் விழுந்து வால்வு கழுத்தோடு உடைந்தால் 150 பாரும் ஒரு விரல் அகல ஓட்டை வழியாக வெளியே பாயும், 60 கிலோ இரும்பு ராக்கெட் மாதிரி கிளம்பும், செங்கல் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிற அளவு வேகம் அதற்கு வந்துவிடும். ஆகவே வண்டியில் ஏற்றும்போது உங்கள் மனதில் இரண்டு கேள்விகள் இருந்தால் போதும். வால்வுக்கு அடிபட வழி இருக்கிறதா? கசிந்தால் வாயு வெளியே போக வழி இருக்கிறதா? கீழே நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டுக்குள்தான் வரும்.

ஏற்றுவதற்கு முன்னால்

ரெகுலேட்டரைக் கழற்றுங்கள். பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் கழற்றுங்கள். வால்வை கீயால் முழுதாக மூடி, ஹோஸில் மிச்சமிருக்கும் கேஸை வெளியே விட்டு, அப்புறம் கழற்ற வேண்டும். ரெகுலேட்டர் மாட்டிய சிலிண்டர் என்பது தலையில் ஒரு கைப்பிடியோடு நிற்கிற மாதிரி. சாய்ந்தால் முதல் அடி அதன்மேல்தான் விழும், நெம்புகோல் போல அது வால்வைத் திருகிவிடும்.

அடுத்தது கேப். வால்வுக்கு மேல் திருகுகிற இரும்புத் தொப்பி. கேஸ் ஏஜென்சியில் பல சமயம் கேப் இல்லாமலேயே கொடுப்பார்கள், கேட்டால் "எல்லாம் அப்படித்தாண்ணே போகுது" என்பார்கள். கேட்டு வாங்குங்கள், கேப் இருக்கிற சிலிண்டராகப் பார்த்து எடுங்கள். அந்தக் கேப்பில் எதிரெதிராக இரண்டு துளைகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே கசிந்தாலும் கேஸ் இரண்டு பக்கமும் சமமாக வெளியேறி, சிலிண்டரை ஒரு பக்கமாகத் தள்ளாமல் இருப்பதற்காகத்தான் அவை. கேப்பைக் கை வைத்துக் கடைசி வரை திருக வேண்டும், இரண்டு சுற்று திருகிவிட்டு விடுவது பயனில்லை. கேப்பைப் பிடித்து சிலிண்டரைத் தூக்கவும் கூடாது.

வால்வு வாயில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் அந்த சிலிண்டர் வேண்டாம், அங்கேயே திருப்பிக் கொடுங்கள். சிலிண்டரின் தோள்பட்டையில் (வால்வுக்குக் கீழே வளையும் பகுதி) பொறித்திருக்கும் டெஸ்ட் தேதியையும் ஒரு பார்வை பாருங்கள், ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்திருக்க வேண்டும். நிறத்தையும் பாருங்கள்: நம் நாட்டில் தொழிற்சாலை ஆக்ஸிஜன் கறுப்பு, டிஏ எனப்படும் அசிட்டிலின் மெரூன், ஆர்கான் நீலம். ஆனால் பெயின்ட் உரிந்து, தூசி படிந்து, மேலேயே வேறு பெயின்ட் அடித்து வருவதெல்லாம் சகஜம், அதனால் மேலே எழுதியிருப்பதையும் படித்துவிட்டே ஏற்றுங்கள்.

ஆக்ஸிஜன் என்றால் கையில் கிரீஸ் இருக்கக் கூடாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். அழுத்தத்தில் வரும் ஆக்ஸிஜன் எண்ணெயிலோ கிரீஸிலோ பட்டால் தீப்பொறியே தேவையில்லை, தானாகப் பற்றும். வண்டியின் தளத்தில் இன்ஜின் ஆயில் சிந்திய கறை இருந்தால் மண்ணோ மரத்தூளோ போட்டுத் துடைத்துவிட்டு ஏற்றுங்கள். லேத் பட்டறையில் வேலை செய்துவிட்டு அதே கையுறையோடு வந்து வால்வைப் பிடிக்கிற பையன்களை நான் கையோடு திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஏற்றுவதும் கட்டுவதும்

இரண்டு பேர் வேண்டும். தரையில் நகர்த்தும்போது லேசாகச் சாய்த்து அடி விளிம்பில் உருட்டிப் போவது எல்லோருக்கும் பழக்கம்தான், அது சரி. ஆனால் வண்டியின் தளத்துக்கு ஏற்றும்போது ஒருவர் மேலே நின்று தோள்பட்டையைப் பிடிக்க, இன்னொருவர் அடியைப் பிடித்துத் தூக்க வேண்டும். சாய்ந்து விழப் போகிறது என்று தெரிந்தால் விட்டுவிட்டு விலகிவிடுங்கள். 60 கிலோவைப் பிடிக்கப் போய் விரலை நசுக்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

நிறுத்தி வைத்து ஏற்றுவதுதான் எல்லா சிலிண்டருக்கும் நல்லது. இடம் எங்கே என்றால், டிரைவர் கேபினுக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டத்தோடு ஒட்டி. பின்கதவுப் பக்கம் வைக்காதீர்கள். குட்டி யானையின் பக்கவாட்டுப் பலகை முழங்கால் உயரம்கூட இருக்காது, நெஞ்சு உயர சிலிண்டரை அது தாங்காது, அதனால் கேபின் சட்டம்தான் நம்பிக்கையான இடம். ஒரு சாண் அடிப்பாகத்தில் நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் பொருள் லேசான பிரேக்குக்கே சாயும் என்பதால் கட்டு ஒன்று போதாது, இரண்டு வேண்டும்: ஒன்று தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே, இன்னொன்று முழங்கால் உயரத்தில். வால்விலோ கேப்பிலோ கயிறு சுற்றவே கூடாது. அடியில் நகராமல் இருக்க மரக்கட்டையால் அண்டை கொடுங்கள்.

கயிறு விஷயத்தில் நான் மாறிவிட்டேன். நார்க் கயிறு நனைந்து காய்ந்தால் தளரும், நைலான் கயிறு இழுபடும், எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் பத்து கிலோமீட்டரில் விரல் நுழைகிற அளவு இடைவெளி வந்துவிடும். இப்போது ராட்செட் (இழுத்து இறுக்கிப் பூட்டும் பிடி) வைத்த பெல்ட் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது, இரண்டு வாங்கி வண்டியிலேயே போட்டு வையுங்கள். செயின் போட்டுக் கட்டுவதானால் செயினைப் பழைய ஹோஸ் குழாய்க்குள் நுழைத்துக் கட்டுங்கள், இரும்போடு இரும்பு உரசாது. இரண்டு சிலிண்டர் சேர்ந்து நின்றால் நடுவில் சாக்கோ ரப்பரோ வையுங்கள், ஒன்றோடொன்று டங் டங் என்று மோதிக்கொண்டே வரக்கூடாது. கட்டியபிறகு தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கிப் பாருங்கள். வண்டி ஆட வேண்டும், சிலிண்டர் தனியாக ஆடக் கூடாது. கிளம்பி இரண்டு, மூன்று கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி மறுபடி இறுக்குங்கள்.

ஆக்ஸிஜன், ஆர்கான் சிலிண்டரைப் படுக்க வைத்து ஏற்ற வேண்டிய கட்டாயம் வந்தால் குறுக்காகப் படுக்க வையுங்கள். நெடுக்காக வைத்தால் திடீர் பிரேக்கில் அது நேராகக் கேபினை நோக்கி வரும். உருளாமல் இரண்டு பக்கமும் கட்டை வேண்டும், பெல்ட்டும் வேண்டும். சின்ன வண்டிகளில் குறுக்கே அகலம் போதுமா என்று முதலில் அளந்து பாருங்கள், வண்டியின் உடலுக்கு வெளியே ஒரு அங்குலம்கூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

சிலிண்டர் மேல் வெல்டிங் மெஷின், ஆங்கிள், ஜாக்கி எதையும் போடாதீர்கள். ஆளையும் உட்கார வைக்காதீர்கள். லோடுமேன்கள் பின்னால் சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி வருவதைத் தினமும் பார்க்கிறேன், "நான் புடிச்சுக்கிறேண்ணே" என்று அவர்களே சொல்வார்கள். ஒரு மனிதனின் கை 60 கிலோவை ஒரு வளைவில்கூடப் பிடிக்காது. பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்படுகிறது என்றால் கட்டு சரியில்லை என்று அர்த்தம்.

டிஏ சிலிண்டர் வேறு ஜாதி

அசிட்டிலினை ஆக்ஸிஜன் மாதிரி வெறுமனே அழுத்தி அடைக்க முடியாது, ஒரு பாருக்குக் கொஞ்சம் மேலே போனாலே அது நிலைகுலைந்து தானாகச் சிதையக்கூடிய வாயு. அதனால் சிலிண்டருக்குள் பஞ்சு போல நுண்துளைகள் கொண்ட ஒரு திடப்பொருளை நிரப்பி, அதில் அசிட்டோன் ஊற வைத்து, அந்த அசிட்டோனில் வாயுவைக் கரைத்து வைத்திருக்கிறார்கள். இது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். படுக்க வைத்தால் அசிட்டோன் வால்வுப் பக்கம் வரும், திறக்கும்போது வாயுவோடு திரவமும் வெளியேறி ரெகுலேட்டரின் ரப்பரைத் தின்னும், தீ ஜுவாலை தாறுமாறாக வரும். கீழே போட்டால் உள்ளே இருக்கும் நுண்துளைப் பொருள் நொறுங்கி வெற்றிடம் உண்டாகும், அங்கே வாயு தனியாகத் தங்கும், அதுதான் ஆபத்து. எனவே டிஏ நிமிர்ந்துதான் பயணம் செய்ய வேண்டும். எப்படியோ படுத்து வந்துவிட்டது என்றால் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் விடுங்கள். நான் காலையில் படுத்து வந்ததை மதியத்துக்கு மேல்தான் திறப்பேன்.

எரியும் கேஸையும் ஆக்ஸிஜனையும் ஒரே வண்டியில் ஒன்றாக ஏற்றுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. 2016 கேஸ் சிலிண்டர் விதிகளின்படி அது கூடாது, எரியும் வாயு சிலிண்டரோடு வேறு அழுத்த வாயு சிலிண்டர் எதையும் சேர்த்து ஏற்றக் கூடாது. கட்டிங்குக்கு எல்பிஜி எடுத்துப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். இரண்டு நடை ஆகும், டீசல் செலவு கூடும், தெரியும். ஒன்று கசிந்தால் இன்னொன்று அதற்குத் தீனி போடும் என்பதால்தான் அந்த விதி. அதே விதிகளில் இருசக்கர வாகனத்தில் எந்த அழுத்த வாயு சிலிண்டரையும் கொண்டு போகக் கூடாது என்றும் இருக்கிறது. டிவிஎஸ் 50-ல் முன்னால் நிறுத்திக் காலால் அணைத்துக்கொண்டு வருகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அடிக்கடி, அதிகமாக ஏற்றுகிறவர்கள் என்றால் டிரைவருக்கு அபாயகரமான சரக்கு ஓட்டும் பயிற்சி, லைசென்ஸில் அதற்கான பதிவு, வண்டியில் எச்சரிக்கைப் பலகை எல்லாம் தேவை. அதைச் சப்ளை செய்பவரிடமே ஒப்படைத்து, பட்டறைக்கே கொண்டுவந்து இறக்கச் சொல்வதுதான் புத்திசாலித்தனம்.

காருக்குள், ஆம்னிக்குள் வேண்டாம்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். டிக் வெல்டிங் செய்பவர்கள் சின்ன ஆர்கான் சிலிண்டரைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். 10 லிட்டர் சிலிண்டரில் 150 பாரில் இருப்பது திறந்தால் 1500 லிட்டர் ஆகும், அதாவது ஒன்றரை கன மீட்டர். ஒரு காரின் உள்ளே இருக்கும் காற்றே சுமார் 3 கன மீட்டர்தான். ஆர்கானுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை, காற்றைவிடக் கனமானது என்பதால் கீழே தங்கும். மூச்சுத் திணறும் உணர்வுகூட வராது, தூக்கம் வருகிற மாதிரி மயக்கம் வரும், ஓட்டுபவருக்கு அதுவே போதும். சிஓ2 (கார்பன் டை ஆக்ஸைடு) என்றால் இன்னொரு சங்கதி, அது உள்ளே திரவமாக இருப்பது 31 டிகிரிக்குக் கீழே மட்டும்தான். அதற்கு மேல் சூடு ஏற ஏற அழுத்தம் மளமளவென்று கூடும். சித்திரை வெயிலில் மூடிய கார் என்ன சூடாகும் என்று உங்களுக்கே தெரியும்.

அசிட்டிலின் இன்னும் மோசம். காற்றில் இரண்டரை சதவீதம் கலந்தாலே பற்றும். 3 கன மீட்டர் காருக்குக் கணக்குப் போட்டால் 75 லிட்டர். வால்வு முழுதாக மூடாத டிஏ சிலிண்டரை இரவு காரில் விட்டுவிட்டுத் தூங்கினால், நிமிஷத்துக்கு ஒரு டீ கிளாஸ் அளவு கசிந்தாலே விடிவதற்குள் அந்த அளவு சேர்ந்துவிடும். காலையில் ரிமோட்டை அமுக்குகிறீர்கள், கதவுப் பூட்டின் மோட்டாரில் ஒரு சின்னப் பொறி. வெளிநாடுகளில் வேன்கள் வெடித்தது இப்படித்தான். எனவே மூடிய வண்டியில் டிஏ ஏற்றவே வேண்டாம். வேறு வழியில்லாமல் ஆர்கானையோ ஆக்ஸிஜனையோ கொஞ்ச தூரம் கொண்டுபோக வேண்டியிருந்தால் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, ஏசி போடாமல், சிகரெட் இல்லாமல், வழியில் எங்கும் நிறுத்தாமல் நேராகப் போய் உடனே இறக்குங்கள். இரவு மட்டும் வண்டிக்குள் விடாதீர்கள்.

திறந்த வண்டியிலும் தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் இறுக்கி மூடினால் அதுவும் மூடிய வண்டிதான். வெயிலுக்கு மறைப்பு வேண்டுமென்றால் மேலே மட்டும் போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். சாப்பாட்டுக்கு நிறுத்தினால் நிழலில் நிறுத்துங்கள், ஓட்டல் அடுப்புக்கும் பரோட்டாக் கல்லுக்கும் பக்கத்தில் வேண்டாம்.

வழியில் கசிந்தால்

என் கதையில் கீ பெட்டிக்குள் இருந்ததே, அதற்குப் பிறகு ஒரு கீயை எப்போதும் டிரைவர் கையெட்டும் இடத்தில் கம்பி போட்டுத் தொங்கவிடுகிறேன். இரண்டு கிலோ பவுடர் தீயணைப்பானும் கேபினுக்குள் இருக்கிறது, பின்னால் லோடோடு வைத்தால் தேவைப்படும்போது எடுக்க முடியாது.

சத்தம் கேட்டாலோ பூண்டு மணம் வந்தாலோ (அசிட்டிலினுக்கு அந்த மணம்தான்) வீடு, கடை, கூட்டம் இல்லாத வெட்டவெளியில் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். தீ இல்லை என்றால், பயமில்லாமல் அருகில் போக முடிந்தால், வால்வை மூடுங்கள். மூட முடியவில்லை என்றால் விலகி நின்று வருகிறவர்களையும் தடுங்கள், போனை வண்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பேசாதீர்கள். ஆக்ஸிஜன் கசிந்த இடத்தில் நின்றிருந்தால் சட்டை துணியெல்லாம் ஆக்ஸிஜனில் ஊறியிருக்கும், கால் மணி நேரமாவது காற்றில் நின்று உதறிவிட்டுத்தான் பீடியையோ தீப்பெட்டியையோ தொட வேண்டும், இல்லாவிட்டால் துணி பஞ்சு மாதிரி பற்றும்.

தீ பிடித்துவிட்டது, அதுவும் டிஏ சிலிண்டர் என்றால் ஓடுங்கள். 101-க்கு அழைத்து "அசிட்டிலின் சிலிண்டர்" என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள், அவர்கள் வரும் விதமே மாறும். சூடான டிஏ சிலிண்டர், தீ அணைந்த பிறகும் உள்ளே சிதைந்துகொண்டே இருந்து வெகுநேரம் கழித்துக்கூட வெடிக்கலாம். தொட்டுப் பார்ப்பது, உருட்டி நகர்த்துவது எதுவும் வேண்டாம், தூரத்திலிருந்து தண்ணீர் அடித்துக் குளிரவைக்கும் வேலையைத் தீயணைப்புத் துறையிடம் விடுங்கள்.

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததும், பெல்ட்டை அவிழ்க்கும் முன் ஒருவர் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ள வேண்டும், வழியில் சாய்ந்து கட்டின் மேலேயே நின்றுகொண்டிருக்கலாம். பழைய டயரைக் கீழே போட்டு மேலிருந்து உருட்டித் தள்ளுவது வேண்டாம், டயரில் பட்டு எகிறும் திசையை யாராலும் சொல்ல முடியாது. ஏற்றின மாதிரியே இரண்டு பேர் பிடித்து இறக்குங்கள். திரும்பும்போது காலி சிலிண்டர் என்று சொல்கிறோமே, அது உண்மையில் காலி இல்லை, கொஞ்சம் அழுத்தம் மிச்சமிருக்கும், இருக்கவும் வேண்டும். முழுதாக வடித்துவிட்டால் வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே போய்விடும். வால்வை மூடி, கேப் போட்டு, சாக்பீஸால் 'காலி' என்று எழுதி, போகும்போது கட்டிய அதே இரண்டு பெல்ட்டையும் வரும்போதும் கட்டுங்கள்.